ஏழு குடிக்கணக்கிலும் மூன்று வயது

1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் க்வென்லியன் பெவனுக்கு வயது மூன்று. 1861-லும் மூன்றுதான்.

ஹெலெத் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேல்ஸில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் புரட்டி வம்சம் தேடுகிற எவரும் முதலில் இடறி விழுகிற இடம் இதுதான். ஒரு குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயரை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அது தெரியாதவர்கள் இரண்டு பிள்ளைகளை ஒருத்தியாக்கிவிடுவார்கள். ‘முதலாமவள் இறந்திருப்பாள், இவள் இரண்டாமவள்’ என்று நோட்டில் குறித்துக்கொண்டு அவள் மடிக்கணினியில் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

1871. மூன்று வயது. 1881. மூன்று.

இந்தத் தேடல் பொழுதுபோக்குக்காக அல்ல. மாடியில் படுத்திருந்த தங்கை நோனுக்கு எட்டாம் மாதம். நாலு வருடம் காத்திருந்து உண்டான குழந்தை. போன வாரம் அதன் நெஞ்சுத்துடிப்பைக் கேட்ட மருத்துவர் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், “உங்க குடும்பத்துல கைக்குழந்தைகள் இறந்திருக்கா? எத்தனை, எந்த வயசுல? விசாரிச்சுச் சொல்லுங்க” என்றிருந்தார். விசாரிக்க அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பெரியப்பா விட்டுப்போன இந்தப் பண்ணை வீடும், ஆறு தலைமுறையாக அதில் இருந்தவர்களின் பெயர்களும்தான் மிச்சம்.

நோனின் கணவன் கடலில் காற்றாலை வேலைக்குப் போயிருந்தான். கொரோனா ஊரடங்கில் தனியாக இருக்க வேண்டாம் என்று ஹெலெத் தங்கையைத் தன்னோடு அழைத்து வந்திருந்தாள்.

“அக்கா! தேநீர் வருமா, இல்ல அதுக்கும் முன்னோர்கிட்டதான் அனுமதி கேக்கணுமா?” மாடியிலிருந்து குரல் வந்தது.

“வருதுடி! குட்டி என்ன பண்றான்?”

“காலையிலேர்ந்து ஓயாம உதைக்கிறான். ரக்பி ஆடத்தான் பொறக்கப்போறான்.”

தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நோன் கைப்பேசியை ஆட்டிக் காட்டினாள். “இன்னிக்குக் குடிக்கணக்கு ஞாயிறு, ஞாபகம் இருக்கா? செத்தவங்க படிவத்தையே படிச்சிட்டிரு, நம்ம படிவத்தை நான் முடிச்சிடறேன்.”

கீழே வந்து உட்கார்ந்ததும் தொலைபேசி அடித்தது. தேவாலயச் செயலாளர் இத்வால். ஆவணக் காப்பகம் மூடியிருந்ததால், அடக்கப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி அவரைக் கேட்டிருந்தாள்.

“உங்க வீட்டு மாடுகளைத் தவிர எல்லாரும் இருக்காங்கம்மா இதுல,” என்றார் இத்வால். “ஆனா நீ கேட்ட க்வென்லியன் இல்ல.”

“அஞ்சாறு பேர் இருக்கணுமே?”

“ஒருத்திகூட இல்ல. ஞானஸ்நானப் பதிவையும் பாத்துட்டேன். அந்தப் பேர்ல யாரும் பொறக்கவும் இல்ல, சாகவும் இல்ல.” காகிதம் புரளும் ஓசை கேட்டது. “வேற குழந்தைங்க இருக்கு. எல்லாம் பால்குடி மாறாததுங்க. 1851, 61, 71... பத்து வருஷத்துக்கு ஒண்ணு. 1911 வரைக்கும் ஏழு. எல்லாமே ஏப்ரல் மாசம். என்னம்மா, ஏப்ரல்ல ஏதாவது சளிக்காய்ச்சல் வருமோ?”

குடிக்கணக்கு எடுப்பது மார்ச் கடைசியில், அல்லது ஏப்ரல் தொடக்கத்தில். ஹெலெத் அதை அவரிடம் சொல்லவில்லை.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குட்டி போடும் காலமானதால் மலைச்சரிவெங்கும் தாயாடுகள் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தன. கற்பலகைக் கூரையில் மழை வலுத்தும் தணிந்தும் பெய்தது. ஈரக் கம்பளியும் அடுப்புக் கரியும் கலந்த பழைய வாடை, சன்னலைச் சாத்திய பிறகும் அறைக்குள் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்தது. அவள் 1911-ஆம் ஆண்டுப் படிவத்தைத் திறந்தாள்.

நூறு ஆண்டு கழித்தே வெளியிடுவதால், பொதுமக்கள் பார்க்கக் கிடைப்பதில் கடைசி அது. அதுவரை கணக்கெடுப்பாளர் பிரதியெடுத்து வைத்ததுதான் மிஞ்சியது; அந்த ஆண்டிலிருந்து குடும்பத் தலைவர் தம் கைப்படவே எழுதிய தாள் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா இயுவான் சாய்ந்த எழுத்தில், நிதானமாக எழுதியிருந்தார். தான். மனைவி லோயிஸ். பிள்ளைகள் ஆறு பேர். கடைசிப் பெயர் ஐந்து மாத ஆலெட். அதற்கு மேல் வரியில் க்வென்லியன், மூன்று வயது.

அந்த ஆண்டு மட்டும் மணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். இந்த மணத்தில் உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை?

லோயிஸ் பெயருக்கு நேரே: ஐந்து. உயிரோடிருப்பவர்கள்: ஐந்து. இறந்தவர்கள்: இல்லை.

ஹெலெத் பெயர்களை விரல் வைத்து எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறு.

பெற்றது ஐந்து. எழுதியது ஆறு. இயுவானின் எழுத்து எங்கும் நடுங்கவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதியவரைப் போல எழுதியிருந்தார்.

இத்வால் மின்னஞ்சலில் அனுப்பிய படத்தைத் திறந்தாள். ஆலெட் பெவன். அடக்கம், ஏப்ரல் 6, 1911. குடிக்கணக்கு முடிந்து நாலே நாள்.

ஆடுகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை.

“அக்கா, படிவம் அனுப்பியாச்சு!” மேலிருந்து நோன். குரல் தூக்கக் கலக்கத்தில் குழைந்திருந்தது.

“எத்தனை பேர்னு போட்ட?”

“மூணு.”

ஹெலெத் மூச்சை விட்டாள். சிரிப்புகூட வந்தது. “லூசு, பொறக்காத குழந்தையைக் கணக்குல சேக்கக் கூடாதுடி. திருத்திடு.”



“வயித்துல இருக்கறத யாரு சேத்தா?”

ஹெலெத் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“பின்ன யாரைடி போட்ட?”

“மூணு வயசுப் பொண்ணு, எழுதுன்னு பக்கத்துலயே வந்து நின்னா. வீட்ல இருக்கறவங்கள எழுதத்தானே சொல்றாங்க?”

படிகள் பதினான்கு. விளக்கைப் போட மறந்தாள். கைப்பிடி சில்லென்றிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

“நோன்?”

“ஷ்ஷ்.”

உள்ளே கைப்பேசி வெளிச்சம் மட்டும். நோன் மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. ஹெலெத்தைப் பார்க்கவில்லை.

வயிற்றின் மேல் ஒரு தலை.

சின்னத் தலை. ஒட்டிப்போன செம்பட்டை முடி. கதவுக்கு அப்பால் நடப்பதை ஒட்டுக்கேட்கும் பிள்ளை மாதிரி, வயிற்றில் காதை அழுத்தி வைத்திருந்தது. இரண்டு கைகளும் வயிற்றைச் சுற்றி வளைத்திருந்தன. அத்தனை நீளம் எட்டக்கூடாத கைகள்.

“மெதுவா பேசு,” என்றாள் நோன். “இப்பதான் உதைக்கறத நிறுத்தினான்.”

வயிறு அசையவில்லை.

கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.