மூன்றாம் அறையின் ஃபோல்டர்

"லைன் கிளியரா?"

மாடிப்படியில் நின்று இசைவாணி கத்தினாள். அவள் அப்பா ரகு வேலை செய்யும் ஒரகடம் தொழிற்சாலையில், மெஷினை ஓட்டும் முன் இப்படித்தான் கேட்பார்களாம்.

"ஒண்ணாம் ரூம் கிளியர்!"

"ரெண்டாம் ரூம் கிளியர்!"

"ஏட்டி, மூணாம் ரூமும் கிளியர்!" என்றாள் சுகப்பிரியா அக்கா, குளியலறையிலிருந்து.

இன்று மெஷின் எதுவும் ஓடப்போவதில்லை. பழைய கம்ப்யூட்டரை முழுக்க அழித்துவிட்டு, எதிர்வீட்டு ஜோயலுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அவன் நேற்றே மேஜையை ஒழித்து வைத்துவிட்டான்.

வடக்குப்பட்டில் அவர்கள் வீட்டு மாடியில், தெற்கிலிருந்து வேலைக்கு வந்த அக்காக்கள் குடியிருந்தார்கள். அறைக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்திருந்தார் அப்பா. அதில் வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டார்களா என்பதுதான் இன்றைய 'கிளியர்'. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரே நாற்காலியில் இரண்டு அக்காக்கள் உட்கார, மற்றவர்கள் எட்டிப் பார்க்க, வீடே கல்யாண வீடாக இருக்கும். இப்போது ஆளுக்கொரு போன். கம்ப்யூட்டரை யாரும் சீண்டுவதில்லை. அந்த ஞாயிறுகளை நினைத்தால் இசைவாணிக்கு ஏக்கமாக இருக்கும்.

"டெலிட் பண்ணா போதாதாப்பா?"

"பேருதான் மறையும் வாணி. தெரிஞ்சவங்க தோண்டி எடுத்துடுவாங்க. அக்காங்க ஆதாரு, பேங்க் புக்கு எல்லாம் உள்ள கீது. மொத்தமா அழிக்கணும்."

"அப்போ அழி!"

"இந்த டிஸ்க்குலேருந்துதான் கம்ப்யூட்டரே கண்ணு முழிக்குது. பாய் மேல உக்காந்துகினே பாயைச் சுருட்ட முடியுமா? அதான் பென் டிரைவ். இதுலேருந்து முழிச்சிகினு அதைத் துடைக்கும். அப்புறம் யாராலயும் திரும்ப எடுக்க முடியாது."

அப்பா பென் டிரைவைச் செருகினார். இசைவாணிக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"இருப்பா! சுகப்பிரியா அக்கா பொங்கலுக்கு அப்புறம்தானே வந்தாங்க? மூணாம் ரூம் ஃபோல்டர் நான் ரெண்டாவது படிக்கும்போதே இருந்துச்சே!"

அப்பா தலையைச் சொறிந்தார். ஆளுக்குப் போடாமல் அறைக்கு ஃபோல்டர் போட்டது அவர்தானே!

"அது முன்ன அந்த ரூம்ல இருந்த நாச்சியாருது. ஓசூருக்குப் போயிடுச்சே அது."

அம்மாவின் போனில் கூப்பிட்டாள். நாச்சியார் அக்கா எடுக்கவில்லை.

"ஷிப்ட்ல இருக்கும். போனு லாக்கர்ல கிடக்கும்" என்றார் அப்பா. "எனக்கு பஸ் வந்துடும். இன்னா கீதுன்னு நீயே தொறந்து பாரேன்."

"அடுத்தவங்களோடதை எப்படிப்பா தொறக்கிறது? நாளைக்கு அழிக்கலாம்."

வாசலில் காத்திருந்த ஜோயலின் முகம் தொங்கிவிட்டது. இசைவாணிக்குப் பாவமாக இருந்தது.

"ஒரே நாள்டா."

"சரி, அதுவரைக்கும் மேஜையில யாரையும் தட்டு வைக்க விட மாட்டேன்" என்று போய்விட்டான்.

சாயங்காலம் நாச்சியார் அக்காவே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் பதறினாள்.

"ஏட்டி, அழிச்சிராத! எங்க அப்பா அங்க வந்தாவல்லா, அந்த வீடியோ இருக்கான்னு தொறந்து பாரு. என் பழைய போனு தண்ணியில விழுந்து எல்லாம் போச்சு. அப்பாவும் போன வருசம் போய்ச் சேந்துட்டாவ."

இசைவாணி திறந்தாள். இருந்தது!

சாலையோரத்தில் நாச்சியார் அக்காவின் அப்பா, அய்யாத்துரை தாத்தா நிற்கிறார். மகள் எந்த பஸ்ஸில் வருவாள் என்று தெரியாததால், வருகிற கம்பெனி பஸ் அத்தனைக்கும் கை காட்டுகிறார். ஒரு டிரைவர் பஸ்ஸை நிறுத்தியே விட்டார்! "தாத்தா, இது இல்ல!" என்று வீடியோவில் ஒரு குட்டிக் குரல் கேட்டது. அது இசைவாணியின் குரல்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உடனே வீடியோவை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை அப்பா கம்ப்யூட்டரை அழித்தார். திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தது. பழைய ஞாயிறுகளும் அதோடு போவது போல மனசு கனத்தது. ஜோயல் வந்து, குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு போனான்.

சற்று நேரத்தில் நாச்சியார் அக்காவின் குரல் செய்தி வந்தது.

"ஏட்டி வாணி, வேலைக்குப் போற பஸ்ஸுல உக்காந்து வீடியோவைப் பாத்தேன். அப்பா கை காட்டுனாவ. பக்கத்துல ஆளு இருக்கிறதையும் மறந்து, நானும் கை காட்டிட்டேன்."