வேலைக் கை எது?

காலை 10.40. துணிக்கட்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தையல்காரி பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்ல, லேசா தலை சுத்துது" என்றாள். அதற்கப்புறம் பேச்சில்லை. 11.25-க்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. முப்பத்தோரு வயது. சாகிற வயதா அது?

மூச்சு இருந்தபோது எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் 3.8. டாக்டரே ஆடிப்போனார். தையல் கம்பெனி மேலாளரோ சட்டைப்பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். அது எட்டு நாளைக்கு முன் எடுத்த டெஸ்ட். ஹீமோகுளோபின் 12.6, இரும்புச் சத்தும் போதுமான அளவு.

"இதைப் பார்த்துத்தான் மெஷின்ல உட்கார வெச்சேன். பத்துக்குக் கீழ இருந்தா வேலைக்கே விடமாட்டேன். லேப்காரி பண்ணின கோளாறு, போய் அவளைப் பிடிங்க."

பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் போட இவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதியம் 2.10. இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் போனது இறந்தவளின் மெஷினுக்கு. கத்தரிக்கோல் இடப்பக்கம் கயிற்றில் தொங்கியது. தண்ணீர் பாட்டிலும் இடப்பக்கம். கத்தரியை எடுத்து வலது கையால் ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தார். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கியது. கத்தரியைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினார்.

மதியம் 3.00. லேபில் ஒரு பெண்மணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷமாய் ரத்தம் எடுக்கிறவள். ஊர் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடும். "பேர் கெட்டுப்போச்சுன்னா இந்தப் பக்கம் வராதே" என்று லேப் முதலாளி மதியமே சொல்லியிருந்தார்.

"டியூப் மாறிப்போச்சா?"

"இல்ல மேடம். ரத்தம் எடுத்த கையோட பேர் ஒட்டிடுவேன். அன்னிக்கு அவதான் முதல் ஆளு, மணி 7.05. மாறுறதுக்கு வேற டியூப்பே இல்ல."

"எட்டு நாள்ல 12.6 எப்படி 3.8 ஆகும்?"

"குடம் குடமா ரத்தம் போயிருக்கணும்."

"அப்படி எதுவும் போகலைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆறு மாசமா மாதவிலக்குல அதிகமாப் போயிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்குன்னார். வந்த ஆள் முகம் ஞாபகம் இருக்கா?"

ஊசியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கு நாற்பது பேர் மேடம். நான் கையைத்தான் பார்ப்பேன். கம்பெனிச் சீட்டு கொண்டுவந்தா. பேர் கேட்டேன், சொன்னா. வேலைக் கை எதுன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"அதென்ன வேலைக் கை?"

"உழைக்கிற ஜனங்க மேடம். வேலை செய்யிற கையில குத்தினா அன்னிக்குப் பூரா வலிக்கும். அதனால மத்தக் கையிலதான் எடுப்பேன். எந்தக் கையில எடுத்தேன்னு நோட்டிலயும் எழுதி வெச்சிடுவேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஒரே பேர், இரண்டு வரி. மூன்று மாதத்துக்கு முன், டாக்டர் சீட்டோடு: வலது கை, ஹீமோகுளோபின் 7.4, இரும்பு மிகக் குறைவு. எட்டு நாளைக்கு முன், கம்பெனிச் சீட்டோடு: இடது கை.

அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இறந்தவங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காளாமே, அவளை வரச் சொல்லுங்க" என்றார்.

மதியம் 3.40. தங்கச்சி வந்தாள். அக்காவின் வீட்டிலேயே இருப்பவள், ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. பேர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னதும் வலது கையால் போட்டாள்.

"அக்கா எந்தக் கையால வெட்டுவாங்க?"

"இடது கை. நொட்டாங்கைன்னு நான்தான் கிண்டல் பண்ணுவேன்..."

"இடது கைக்காரிக்கு ஊசியக்கா வலது கையிலதான் குத்துவாங்க. முதல் தடவை அப்படித்தான் குத்தியிருக்காங்க. எட்டு நாளைக்கு முன்னாடி வந்தவ வலது கைக்காரி. அது நீதானேம்மா?"

தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசின்னா பயமா இருக்கு, நீ போய்ட்டு வாடின்னா. எல்லாம் ஒரே வயித்துல பொறந்த ரத்தந்தானே, என்ன வித்தியாசம்னு சிரிச்சா. எனக்கென்ன தெரியும்? அவ சொன்னா நான் எதையும் கேட்பேன்."

"வேலை போயிடும்னு பயந்திருக்காங்க. வீட்ல சம்பாதிக்கிறது அவங்க ஒருத்தர்தானே?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

ஊசியக்கா மேல் இருந்த பழி நீங்கிவிட்டது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் துளிகூட இல்லை. ரிப்போர்ட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், பிள்ளை பெத்து அஞ்சு மாசம். பால் வேற குடுக்கிறா. இவளுக்கு இரும்பு இவ்வளவு இருக்கே!"

இன்ஸ்பெக்டர் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார். "மூணு மாசத்துக்கு முன்னாடி டாக்டர் எழுதின தொண்ணூறு மாத்திரையை அக்கா சாப்பிட்டாங்களா?"

"அவ எந்த மாத்திரையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்ல. எனக்குத்தான் குடுப்பா. பால் குடுக்கிறவளுக்குச் சத்து வேணும்னு தினமும் ஒண்ணு, எலுமிச்சைச் சாறோட. முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பா. இன்னிக்குக் காலையில கூட..."

பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்தாள். நான்கு சிவப்பு மாத்திரைகள் மீதியிருந்தன. ஊசியக்கா அதை வாங்கிப் படித்தாள். அட்டையை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"இரும்பு மாத்திரையா?" என்றாள் தங்கச்சி. "அவளோடதா?"

"ஆமாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆளை மாத்தினது அவங்கதான். மாத்திரையை மாத்தினதும் அவங்கதான். உன் மேல குத்தம் இல்ல."

அவர் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். ஊசி ஏறிய இடத்தில் மஞ்சளாய்க் கன்றிய தடம் இன்னும் மறையாமல் இருந்தது. அந்தக் கையை ஊசியக்காவிடம் நீட்டினாள்.

"எடுத்துடுங்க. இது அவளோடது. அவளுக்கே திருப்பிக் குடுத்துடுங்க அக்கா."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கைகளைப் பிடித்த ஊசியக்கா, அந்தக் கையையும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை, வேலைக் கை எது என்று அவள் கேட்கவில்லை.