கீழிருந்து ஒரு இழுப்பு

கிளை தரையில் விழுந்த சத்தமே கேட்கவில்லை.

மரவெட்டி உச்சிக் கவட்டில், இடுப்பு வாரில் சாய்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். கயிற்றில் எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் கடைசியில் ஒரு 'தொப்' இருக்கும். கீழே கயிறு பிடிப்பவன் அவன் மச்சினன் என்றால், தொப்புக்குப் பதில் 'தடார்' என்று தரையில் பரப்பிய பழைய டயர்கள் துள்ளும். எத்தனை திட்டினாலும் உறைக்காத கை. இன்றைக்கு மதியத்துக்கு மேல் அந்தக் கை பூப்போல இறக்குகிறது. அக்கா புருஷனின் பேச்சு ஒருவழியாக மண்டையில் ஏறிவிட்டது என்று அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

இடம் அப்படி. மூன்று பக்கமும் மாடி வீடுகளின் பின்சுவர், நடுவில் ஒரு கட்டில் போட்டால் நடக்க வழியில்லாத கொல்லை, அதற்குள் போக ஒரே ஒரு சந்து, சந்தின் வாயில் ஓர் இரும்புக் கதவு. மரம் வெட்டும் நாள் என்று மூன்று வீட்டுக்காரர்களும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மரத்தைச் சாய்க்க இடமில்லை. கீழிருந்து கிளைகளைக் கழித்துக்கொண்டே ஏறி, ஒவ்வொன்றையும் உச்சியில் மாட்டிய கப்பி வழியே கயிற்றில் இறக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருந்த பால்கனிகளுக்கு அடியில் தரை தெரியவில்லை. இருட்டாக ஒரு பிளவு மட்டும் தெரிந்தது.

இயந்திர வாளின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கீழிருந்து கயிற்றில் ஒரு இழுப்பு வந்தால், கட்டினதைப் பிடித்துவிட்டேன், அறு என்று அர்த்தம். இழுப்பு வந்ததும் அவன் கை தானாக வாளுக்குப் போகும். குனிந்து பார்ப்பதில்லை.

கயிற்றை மேலே இழுத்தான். முடிச்சு பதமாக அவிழ்க்கப்பட்டு, நுனி சுத்தமாக வந்தது. ஈரமாகவும் வந்தது. மழையுமில்லை, கீழே குழாயுமில்லை. நாக்கு பட்டது போன்ற வழவழப்பு. முகர்ந்து பார்த்தான். மரப்பாலின் கசந்த வாசனைக்கு அடியில், வெகுநாள் திறக்காத அலமாரியின் வாடை.

அப்போதுதான் தெருப்பக்கமிருந்து மச்சினனின் குரல் வந்தது. வீடுகளின் இடைவெளியில் அவன் தெரிந்தான். வியர்த்து, இரண்டு கைகளும் வெறுமையாக.

"மாமா, கதவு உள்பக்கமா தாழ் போட்டிருக்கு. சாப்பிட்டு வந்ததுலேர்ந்து தட்டிட்டே இருக்கேன். உங்க மெஷின் சத்தத்துல எங்க கேக்கப்போகுது? போனையும் எங்கிட்டயே குடுத்துட்டு ஏறிட்டீங்க."

மரவெட்டி கையிலிருந்த ஈரக் கயிற்றைப் பார்த்தான். மதியத்துக்குப் பிறகு இறக்கிய கிளைகள் எல்லாம் கண்முன் வந்து போயின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இழுப்பு.

"அப்போ உள்ள யாருடா?"

"யாருமில்ல மாமா. நீங்க மட்டுந்தான்."

கதவை உடைக்கச் சொன்னான். எதையாவது எடுத்து உடை, வீட்டுக்காரன் என்ன வேணா பேசட்டும் என்றான். மச்சினன் ஓடத் திரும்பியபோது, "அக்காகிட்ட சொல்லிடாத," என்றான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் எட்டு எடுத்து வைத்தால் மொட்டைமாடிக்குப் போய்விடக்கூடிய கிளை ஒன்று காலையில் இருந்தது. அதை அவனே அறுத்து, அவனே கட்டி, கீழே அனுப்பிவிட்டான். இப்போது மொழுமொழுவென்ற அடிமரம்தான் வழி. அது நேரே அந்தப் பிளவுக்குள் இறங்குகிறது.

கீழே ஏதோ நகர்ந்தது. சருகுச் சத்தம். டயர் ஒன்று மெல்ல அழுந்தும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

கிளைக்கயிற்றின் மறுமுனை கீழே அல்லவா கிடக்கிறது என்று நினைவு வந்தது. வேக வேகமாக இழுத்தான். தடையில்லாமல் வந்தது. முழுக்கயிறும் மடியில் ஈரமாகச் சுருண்டது. இனிக் கீழே பிடிக்க எதுவுமில்லை. மூச்சு விட்டான்.

தூரத்தில் இரும்புக் கதவில் இடி விழத் தொடங்கியது. ஒன்று. இன்னொன்று. மச்சினன்தான். வந்துவிடுவான்.

இடுப்பில் என்னவோ உரசியது.

உயிர்க்கயிறு. இறங்குவதற்காகக் காலையிலேயே கவட்டில் மாட்டி, ஒரு முனையை இடுப்பில் முடிந்து, மறுமுனையைக் கீழே தொங்கவிட்ட கயிறு. அதை மறந்தே போயிருந்தான்.

அது அசைந்தது. தொய்வு போயிற்று. விறைத்தது.

கதவுச் சத்தம் நின்றது.

கீழிருந்து ஒரு இழுப்பு. பதமாக.

பழகிய கை, அவனைக் கேட்காமலே, வாளுக்குப் போனது.