கைக்கு எட்டிய வீடு

எங்கள் பள்ளி ஓவியக் கண்காட்சிக்கு அப்பா வருடா வருடம் தவறாமல் வருவார். என் படத்துக்கு முன்னால் நின்று, "பிரமாதம்!" என்பார்.

அப்பாவுக்குக் கண் தெரியாது. படத்தில் என்ன இருக்கிறது என்று அம்மா காதோடு சொல்வார். போன வருடம் அம்மா வாயைத் திறப்பதற்குள்ளேயே அப்பா 'பிரமாதம்' சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு தடவையாவது என் படத்தை அப்பா தானே பார்க்க வேண்டும்!

அம்மா தையல்காரர். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி நூலும் துணியும் பட்டனும் வாங்கினேன். சாலையையும், அதன் கடைசியில் எங்கள் வீட்டையும் வரைந்து, கோடுகளின் மேல் அவற்றை ஒட்டினேன்.

"அப்பா, தொட்டுப் பாருங்க!"

அப்பாவின் விரல்கள் சாலையில் நடந்து, கடைசியில் நின்றன.

"இது என்னம்மா, தீப்பெட்டியா?"

"ஐயோ! அது நம்ம வீடுப்பா!"

"நம்ம வீடா? கதவு என் நகம் அளவுகூட இல்லையே. நான் எப்படி உள்ள போறது?"

"தூரத்துல இருந்து பார்த்தா சின்னதாத்தான் தெரியும்."

"அப்படியா? எனக்குக் கை படுற வரைக்கும் வீடே கிடையாது. கை பட்டா முழுசா இருக்கும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுநாள் கண்காட்சி!

"விடுடி, நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா.

நான் விடுவேனா? கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டேன். அப்பாவின் முழங்கையைப் பிடித்தபடி தெருமுனையிலிருந்து வீட்டுக்கு நடந்தேன்.

"பயமா இருக்கா?"

"நீங்கதான் இருக்கீங்களே!"

முதலில் கையில் பட்டது வெளிக்கதவின் தாழ்ப்பாள். அப்புறம் சொரசொரப்பான சுவர். பிறகு வழவழப்பான படிக்கட்டுக் கைப்பிடி. கடைசியில் எங்கள் வாசல் கதவு. அம்மாடி, எவ்வளவு பெரியது!

உடனே புது அட்டையை எடுத்தேன். கையில் பட்ட வரிசையிலேயே எல்லாவற்றையும் ஒட்டினேன். சுவருக்கு உப்புத்தாள், கைப்பிடிக்குப் பட்டுத் துணி. தாழ்ப்பாள் தூக்கினால் நகரும். கதவு, அப்பாவின் உள்ளங்கை அளவு.

கண்காட்சியில் எல்லாப் படத்துக்கும் கீழே 'தொடக் கூடாது' என்று எழுதியிருந்தது. ஓவிய ஆசிரியையிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் படத்தின் கீழே 'தொட்டுப் பார்க்கவும்' என்று மாற்றி எழுதினார். எவ்வளவு நல்ல டீச்சர்!

அப்பா வந்தார். அம்மா வழக்கம்போல அவர் காதருகே குனிந்தார்.

"நீ சும்மா இரு. நானே பார்த்துக்கிறேன்" என்றார் அப்பா.

தாழ்ப்பாளைத் தூக்கினார். சுவரைத் தடவினார். கைப்பிடியில் விரல்கள் விறுவிறுவென்று ஏறின. கதவில் உள்ளங்கையை வைத்தவர், எடுக்கவே இல்லை.

"வீட்டுக்கு வந்துட்டேன். ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அந்த வருடம் அப்பா 'பிரமாதம்' சொல்லவே இல்லை.