பூச்சிக் கூடாரம்

கூடாரத்துக்குள் தலையை நுழைத்ததுமே அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. இருபத்தாறு வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறவளின் மூக்கு அது. எந்தக் கோட்டு எத்தனை மாதம் பெட்டியில் கிடந்தது என்பதைக்கூட மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள் என்று தெருவே கேலி பேசும். அந்தத் தெருவில் அவளுக்குப் பெயரே சலவைக்கடை அக்காதான். அக்காவுக்குத் தெரிந்தவரை, நாளைக்கு உடுத்தப்போகிற துணிக்கு யாரும் அந்துருண்டை போடுவதில்லை. வருஷக்கணக்கில் எடுத்து வைக்கப்போகிற துணிக்குத்தான் போடுவார்கள். ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்கப்போகிற கூடாரத்தில் அதற்கு என்ன வேலை?

“என்னடி இது, பீரோவுக்குள்ள படுக்கப்போற மாதிரி இருக்கு?”

“ஸ்டோர் ரூம்ல கெடந்த டென்ட்டுக்கா. கொஞ்ச நேரத்துல வாசனை போயிடும்,” என்றாள் தங்கை. முளையைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. எதுவும் கேட்டுக் கெடுக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானம் பண்ணியிருந்தாள். இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள் தானாகவே போன் பண்ணி, “எங்க மியூசியத்துப் புல்வெளியில குடும்பங்களுக்கு ஒரு ராத்திரி முகாம் வைக்கிறோம், நீ வாயேன்க்கா” என்று கூப்பிட்டிருக்கிறாள். வந்த இடத்தில் வாசனை சரியில்லை, பாய் சரியில்லை என்று நொட்டை சொல்லிக்கொண்டிருந்தால் அறுந்த உறவு எப்படி ஒட்டும்? இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருப்பது இந்த வாலு ஒருத்திதான்.

வாலு என்பது தங்கைக்கு அக்கா வைத்த பெயர். அப்பா போனபோது வாலுவுக்கு இரண்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. அம்மா மில்லில் ராத்திரி வேலைக்குப் போய்விடுவாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா பிறர் வீட்டுத் துணிகளை இஸ்திரி போட்டாள், கடை வைத்தாள், தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்த்துக்கொள்ளாமல் வாலுவைப் படிக்க வைத்தாள். படித்து முடித்த வாலு, ஊர் வரலாற்று மியூசியத்தில் பழம்பொருட்களைத் துடைத்து, தைத்து, சீட்டு எழுதி வைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணமாகி ஒரு பெண்ணையும் பெற்றாள். அந்த வேலைதான் இரண்டு பேரையும் பிரித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அம்மா செத்துப்போன அன்றைக்கு, அக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டில் காலியாக இருந்தது. உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன், அம்மாவின் கடைசி ஆசை அது என்றாள் வாலு. முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. அடுத்த மாதமே அம்மாவின் சமையலறையை மேஜை, அடுப்பு, கரண்டி என்று ஒன்று விடாமல் பெயர்த்துக்கொண்டு போய் மியூசியத்தில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அக்கா பேசிய பேச்சில் இரண்டு பேருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஆனது.

“ஆமா, மத்த குடும்பமெல்லாம் எங்கடி? பத்துக் குடும்பம்னியே.”

“மழை வரும்னு எல்லாரும் கேன்சல் பண்ணிட்டாங்க.”

அக்கா அண்ணாந்து பார்த்தாள். சாயங்கால வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய புல்வெளியில் ஒரே ஒரு கூடாரம், அதுவும் மியூசியத்தின் பின்கதவுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி.

மூடும் நேரத்தில் வாலு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பை, போன் எல்லாவற்றையும் ஆபீஸ் லாக்கரில் வைத்துவிடலாம், வெளியில் பத்திரமில்லை என்று வாங்கிக்கொண்டாள். வாசலில் மியூசியத்தின் காப்பாளர் நின்றிருந்தார். ஒல்லியான, நெடுநெடு மனிதர், கைகளில் வெள்ளைத் துணிக் கையுறை. வணக்கம் சொன்ன அக்காவைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

“அஞ்சடி ரெண்டு இருப்பாங்களா?”

“அஞ்சடி ஒண்ணு சார்,” என்றாள் வாலு.

உள்ளே நுழைந்து படுக்கும் பைக்கு அளவு கேட்கிறார்போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நல்லவர்களுக்கு இதுதான் கேடு, எல்லாவற்றுக்கும் அவர்களே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

தையல் மெஷின்கள், தட்டச்சுப் பொறிகள், மணி நின்றுபோன கடிகாரங்கள் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி அறையில் அம்மாவின் சமையலறை இருந்தது. குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் அக்கா நின்றாள். அடி நசுங்கிய அதே கெட்டில், கத்தி பட்டுத் தழும்பேறிய அதே மேஜை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்று காலி. இன்னொன்றில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் சாம்பல் நிறச் சேலை, அம்மாவின் கொண்டை. வலது காது மடல், கம்மல் இழுத்து அறுந்து இரண்டாகப் பிளந்து, அம்மாவுக்கு இருந்தது போலவே.

“பொம்மைதான்கா. மெழுகு.”

“காதைக்கூட விடாம செஞ்சிருக்காங்களேடி...” அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இவளைப்போய் என்னென்னவோ திட்டினோமே, அம்மாவை எவ்வளவு அருமையாக வைத்திருக்கிறாள் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. “முன்னாடி போய் முகத்தைப் பார்க்கலாமா?”

“கயித்தைத் தாண்டக் கூடாதுக்கா,” என்று வாலு சட்டென்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உள்ளங்கை நனைந்திருந்தது.

வெளியே வந்து இருவரும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. பேச்சு எங்கேயோ சுற்றி வேலைக்கு வந்து நின்றது. புதிதாக வருகிற எந்தப் பொருளையும் நேராக உள்ளே கொண்டுபோக மாட்டார்கள் என்று வாலு சொன்னாள். மரமோ துணியோ, எதுவானாலும் ஒரு ராத்திரி வெளியில் கூடாரத்தில் வைத்து மருந்து போட்டு மூடிவிடுவார்கள். மூலையில் பசை தடவிய அட்டை வைப்பார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் பூச்சி புழு எல்லாம் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள்.

“உசுரோட எதுவும் உள்ள போயிடக் கூடாதுக்கா. அதான் எங்களுக்கு முதல் சட்டம்,” என்றாள். பிறகு எழுந்தாள். “நீ படு. பூட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்.”

போகிற போக்கில் கூடாரத்தின் ஜிப்பை வெளியிலிருந்து இழுத்து மூடிவிட்டுப் போனாள். கொசு வராமலிருக்க என்று அக்கா நினைத்தாள்.

ஐந்து நிமிஷம் அரை மணியானது. அரை மணி இன்னும் நீண்டது. அந்துருண்டை வாசனை போவதற்குப் பதில் கூடிக்கொண்டே வந்தது, அதன் அடியில் வேறு ஏதோ ஒன்று, இனிப்பாக, தொண்டையின் பின்புறம் படிகிற மாதிரி. புல்வெளியில் ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை. மியூசியத்துக்குள் எங்கேயோ ஒரு நாற்காலி தரையில் தேய்ந்து நகரும் சத்தம் மட்டும் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. இடம் ஒழுங்கு பண்ணுகிறாள் போலிருக்கிறது என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாலு கொடுத்திருந்த டார்ச்சை அடித்தாள். துணியின் உட்புறம் முழுக்கத் தடித்த பிளாஸ்டிக், தையலுக்குத் தையல் டேப் ஒட்டியது. நான்கு மூலையிலும் நான்கு அட்டைகள். மஞ்சளாக, பளபளவென்று. பசை.

அக்கா ஜிப்பைத் தேடினாள். பல்வரிசை இருந்தது, பிடி இல்லை. எத்தனை ஆயிரம் ஜிப்பு மாற்றியிருப்பாள், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உட்பக்கத்துப் பிடி தானாக விழவில்லை. குறடு வைத்து யாரோ பக்குவமாகக் கழற்றியிருக்கிறார்கள்.

கூடாரக் கம்பத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது. டார்ச் வெளிச்சத்தில் எழுத்து ஆடியது. அவள் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த எழுத்து.

‘மூத்த மகள். வயது நாற்பத்தேழு. இடம்: சமையலறை, காலி நாற்காலி. நன்கொடை: தங்கை.’

“வாலு!” தொண்டை கிழியக் கத்தினாள். “ஏ வாலு! என்னடி விளையாட்டு இது?”

“இங்கதான்கா இருக்கேன்.”

குரல் ஒரு முழத் தூரத்தில் வந்தது. கூடாரத் துணியில் ஒரு முதுகு சாய்ந்து புடைத்திருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“திற. வாலு, திறடி. மூச்சு முட்டுது.”

“அம்மா கூப்பிடுறாங்கக்கா.” அவள் அழுதுகொண்டிருந்தாள். “தினம் பூட்டுற நேரத்துல கூப்பிடுறாங்க. தனியா உக்காந்திருக்க முடியலயாம். ரெண்டு பேர்ல ஒருத்தி வாங்கன்னு கேக்குறாங்க.”

“மெழுகுன்னியேடி...”

வெளியே விசும்பல் கூடியது.

அக்காவுக்கு அப்போது புரிந்தது. காலியாகக் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டில். காட்டாத முகம். பிளந்த காது.

“நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியேடி. நான் உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன்?”

“எனக்குப் பொண்ணு இருக்காக்கா. அவளுக்கு நான் வேணும்.” மூக்கை உறிஞ்சினாள். “உனக்கு யாருக்கா இருக்கா?”

“எனக்கு நீ இருந்தியேடி.”

வெளியே முதுகு ஒரு கணம் அசைந்தது. விலகியது. புல்லில் காலடி. பின்கதவு. தாழ்ப்பாள்.

அக்கா பிளாஸ்டிக்கைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். வழுக்கியது. கால்கள் மரத்தன. முதலில் பாதம், பிறகு முட்டி. கத்தினாள். கத்தியது வெளியே வரவில்லை. டார்ச் உருண்டது. கை அதைத் தேடிப் போகவில்லை. மல்லாக்க விழுந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது. மூடப் பார்த்தாள். மூடவில்லை.

மூச்சு நின்றது. அது நின்றது அவளுக்குத் தெரிந்தது. பயத்தோடு காத்திருந்தாள், எல்லாம் முடிந்துவிடும் என்று.

முடியவில்லை.

விடிந்தது. பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் பால் மாதிரி வந்தது. ஜிப் திறந்தது. காப்பாளர் நான்கு அட்டைகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு. எடுத்துடலாம்.”

வாலு மெல்லிய தூரிகையால் அவள் நெற்றியைத் துடைத்தாள். கன்னம். இமை. திறந்த விழியின் மேலேயே தூரிகை போனது. அக்காவுக்குக் கூசியது. கூசுகிறது என்று காட்ட அவள் முகம் அசையவில்லை.

தூக்கினார்கள். விட்டத்து விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கயிற்றைத் தாண்டினார்கள். காலி நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் தழும்பேறிய மேஜைமேல் அடுக்கினார்கள். காப்பாளர் அவள் தாடையைப் பிடித்து நேராக நிமிர்த்தினார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அம்மாவின் உதடுகள் தைக்கப்பட்டிருந்தன. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, பொடிப்பொடியாக, தோல் நிற நூலில், நெருக்கமான தையல். இரண்டு வருஷத்துத் தூசி நூல் ஓட்டைகளில் படிந்திருந்தது. அந்த வாய் யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது. எந்த மாலையிலும், யாரையும்.

அதற்கு மேலே கண்கள் இருந்தன. உயிரோடு. தளும்பி. மகளை விட்டு நகராமல்.

“வாய் திறந்திருந்தா பூச்சி முட்டை வச்சிடும். மூடிடுங்க,” என்று சொல்லிவிட்டுக் காப்பாளர் வெளியே போனார்.

வாலு பக்கத்தில் மண்டியிட்டாள். அக்காவின் நெற்றியில் விழுந்த முடியை ஆசையாக ஒதுக்கிவிட்டாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கோக்கா,” என்றாள். வளைந்த ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நூலின் நுனியை நாக்கில் நனைத்து, முதல் தடவையிலேயே கோத்துவிட்டாள்.