கிச்சா தும்மிய நேரம்

சனிக்கிழமை காலை 11.05. சிங்கப்பூர் கேம்பல் லேன் மேடைக்குப் பின்னால், தடுப்புத் துணிக்கும் சுவருக்கும் நடுவில் கதிரேசன் குப்புறக் கிடந்தார். வலது கை இன்னும் பொம்மைக்குள்ளேயே இருந்தது. முதலில் பார்த்தவள் அவர் மனைவி உமாமகேஸ்வரி. தொட்டுப் பார்த்தாள். மூச்சில்லை.

உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைப்பது அவர் தொழில். பதினெட்டு வருடத்தில் கிச்சா என்ற அந்த மரப்பொம்மை விற்றுக்கொடுக்காத சரக்கில்லை. அரிசி, கைப்பேசி, பட்டுச்சேலை. அன்று கோவிந்தராசு நிறுவனத்தின் புதுச் சாம்பார்ப் பொடி. விளம்பரத்துக்காகச் சிரிக்கும் முகங்கள் வேண்டுமென்று, கூட்டத்தைப் பார்த்தும் ஒரு கேமரா வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை 4.00. மேடையில் கதிரேசன் குடித்த ஃபிளாஸ்க் தண்ணீரில் நஞ்சு என்று பரிசோதனை சொன்னது. இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி உமாவிடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஃபிளாஸ்க்ல தண்ணி ஊத்துனது யாரு?"

"நான்தான் மேடம். ஆங் மோ கியோ வீட்ல, காலைல எட்டு மணிக்கு."

"வேற யாரும் தொட்டாங்களா?"

"மேடைக்குப் பின்னால மேசைமேல ஒரு மணி நேரம் இருந்துச்சு. எல்லாரும் போக வர இருந்தாங்க."

"மூணாவது வரிசைல உட்கார்ந்திருந்தீங்க. அவர் குடிச்சதப் பாத்தீங்களா?"

"இல்ல. அவரு குடிக்கிறது யார் கண்ணுலயும் படாது. கிச்சா மசாலா டப்பாக்குள்ள தலைய விட்டுத் தும்முவான். அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள ஒரு வாய் குடிச்சிருவாரு. பொம்மை ஆடுறப்போ ஆள யாரு பாப்பா?"

இன்ஸ்பெக்டர் உமாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கொலைக்கு இந்த ஊரில் என்ன தண்டனை என்று உமாவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்று அவள் சமைக்கவில்லை.

செவ்வாய் காலை 10.20. முதலாளி கோவிந்தராசு.

"முன்வரிசைலதான் இருந்தேன் லா. கிச்சா தும்முன தும்முல சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு. கதிரேசன் தண்ணி குடிச்சாரா? சத்தியமா கவனிக்கல."

10.50. விளம்பரப் பிரிவு மேனேஜர் ஸ்ரீநாத். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம்.

"கதிரேசனுக்கு மைக் மாட்டிவிட்டது நீங்கதானே?"

"ஆமா மேடம். ஆனா ஃபிளாஸ்க்க நான் தொடவே இல்ல. பாவம், ஒரு வாய் குடிச்சதுமே முகத்தச் சுளிச்சாரு. அப்பவே எனக்குச் சரியாப் படல. வீட்லேர்ந்து வந்த தண்ணி, நான் என்னத்தச் சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். போகலாம்."

புதன் மாலை 3.00. உமாவை வரச்சொல்லி, பாஸ்போர்ட்டை அவள் முன்னால் வைத்தார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்ரீநாத்தைக் கைது பண்ணியாச்சும்மா. உங்க வீட்டுக்காரர் குரல அவருக்குத் தெரியாமப் பதிவு பண்ணி, கம்ப்யூட்டர்ல ஒரு கிச்சா செஞ்சு வச்சிருந்தான். தன்னோட சொந்த ஐடியான்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கான். உங்க வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஷோ முடிஞ்சதும் முதலாளிகிட்ட சொல்லிட்டு, போலீசுக்கும் வர்றதா அவன்கிட்டயே சொல்லியிருக்காரு. அப்படி வந்திருந்தா அவனோட வேலை, இங்க இருக்குறதுக்கான பாஸ் எல்லாம் போயிருக்கும்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாப்பது பேர விசாரிச்சேன். தும்மல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அவர் குடிச்சத ஒருத்தரும் பாக்கல. இவன் மட்டும் முகம் சுளிச்சதுகூடச் சொல்றான். கேமராவப் போட்டுப் பாத்தேன். அத்தன கண்ணும் டப்பாமேல. இவன் கண்ணு மட்டும் ஒரு சாண் மேல, உங்க வீட்டுக்காரர் முகத்துல. பாத்தது குத்தமில்ல. ஆனா யாரோட இழுப்பறையத் திறக்கணும்னு அதுதான் சொல்லுச்சு. மிச்ச நஞ்சு அங்கதான் இருந்துச்சு."

"அந்தப் படத்த நான் பாக்கலாமா?"

"வேணாம்மா."

"பாக்கணும் மேடம்."

திரையில் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஓரத்தில் ஸ்ரீநாத், சிரிப்பில்லாத முகத்தோடு. உமாவின் கண் அவனிடம் நிற்கவில்லை. மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, தலைப்பால் வாயைப் பொத்தியபடி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது உமாவேதான். அவள் பார்வையும் டப்பாவின் மேல்தான்.

முகம் சுளித்தும் ஆட்டத்தை நிறுத்தாத அந்த மனிதரை, அந்த நொடியில், கொன்றவன் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.