அடுப்புக்கடியில் உப்பு

பன்னின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. மாவில் சேர்க்காத எண்ணெய். ஜோசப் முகர்ந்து பார்த்தார். கருவாடு வதங்கும் வாடை, அதற்குள் தலைமயிர் பொசுங்கும் வாடை. கும்மிடிப்பூண்டிக்காரர்களோ அந்தப் பன்னைத்தான் ருசி என்று தேடி வந்து வாங்கினார்கள்.

போன வருஷம், அறுபத்தெட்டில், இந்த பேக்கரியை ஆதிகேசவனிடம் பாதி விலைக்கு வாங்கியிருந்தார். "அடுப்ப மட்டும் இடிக்காத நைனா. கல்லு பேந்தா பூசிக்கோ" என்று சொல்லிவிட்டு, அவன் தானாகவே விலையில் இறங்கினான். ஜெயித்தது தன் பேச்சுத்தான் என்று ஜோசப் வருஷம் முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது அடுப்பின் தளத்தில் மூன்று கல் உள்வாங்கிவிட்டது. நாளை மறுநாள் கிறிஸ்துமஸ். தெருப் பெண்கள் கேக் மாவைத் தகரத் தட்டில் ஊற்றி, வேகவைக்க இங்கேதான் கொண்டுவருவார்கள்.

கொத்தனார் மாரியப்பன் அடுப்பின் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துத் தட்டிப் பார்த்தான்.

"பூசுறதெல்லாம் வேலைக்காவாது மொதலாளி. இடிச்சிட்டு புச்சா கட்டு."

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு என் அடுப்புதான் கெடச்சுதா? மூணு கல்ல மட்டும் மாத்துய்யா."

"நெருப்ப அணைச்சு எத்தினி நாளு?"

"மூணு."

"கல்லு சூடாக்கீதே. ஒடம்பாட்டம்."

ஜோசப் கடப்பாரையை அவன் பக்கம் தள்ளினார்.

மாரியப்பன் ஒரு கல்லை நெம்பினான். சூடு நிற்கக் கல்லுக்கு அடியில் உப்பு கொட்டுவது பேக்கரி வழக்கம். வெள்ளையாக, வறண்டு கிடக்கவேண்டிய உப்பு, மஞ்சள் சேறாகக் குழைந்து, கொழுப்பு மிதந்து மினுங்கியது. நாற்றம் தொண்டைக்குள் ஒட்டியது. கரண்டியால் விலக்கினான்.

முகவாய்.

கருவாடாகக் காய்ந்த உதடுகள். இறுக மூடியிருந்தன.

மாரியப்பன் வெளியே உருண்டு வந்து வாந்தியெடுத்தான். "போலீசுக்கு சொல்லிடலாம் மொதலாளி."

வாசலில் மனைவி கிரேஸின் குரல்: "இன்னாங்க, எல்லாரும் தட்டோட வந்துட்டாங்க. அடுப்பு ஆச்சா?"

இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய கடை. விஷயம் வெளியே போனால் யார் இங்கே ரொட்டி வாங்குவார்கள்?

"ஆச்சு" என்றார் ஜோசப். பிறகு மெதுவாக, "மூடுய்யா. கூலி ரெட்டிப்பு." அவர் பேரம் பேசாமல் கொடுத்த முதல் கூலி அது.

சாயங்காலம் கேக்குகள் பொன்னிறமாக வந்தன. பெண்கள் விரலை நக்கிக்கொண்டே போனார்கள். கடைசியாகத் தன் வீட்டுத் தட்டைத் திருப்பிப் பார்த்த கிரேஸ் முகம் சுளித்தாள்.

"எலி தகரத்தக் கடிக்குமாங்க?"

தட்டின் அடியில், தகரத்தோடு சேர்த்து, அரைவட்டமாக ஒரு கடி. மேல்வரிசை. கீழ்வரிசை. ஓரத்தில் கொழகொழவென்று எச்சில்.

மூடும்போது உதடு மூடித்தானே இருந்தது.

அடுப்புக்குள் சத்தம்.

சவக். சவக்.

நிதானமாக.